சிறுமூளைச் சத்திரசிகிச்சையும் குழந்தைகளின் நுண்மதியும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்ன ஆண்டில் இன்ன நோய்க்கு இன்ன சிகிச்சை கண்டறியப்பட்டது, அதனால் இத்தனை உயிர்கள் காக்கப்பட்டன என்ற முறையிலேயே அது அமைகின்றது. ஆயின் அவ்வெற்றி எதனைக் கொண்டு அளக்கப்பட்டது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. அளவுகோல் மாறும்போது வெற்றியின் பொருளும் மாறிவிடுகின்றது. குழந்தைகளின் மூளையில் தோன்றும் கட்டிகளுக்குச் செய்யப்பட்ட சத்திரசிகிச்சையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1920களில், சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து குழந்தை உயிருடன் வெளிவருமா என்பதே வினாவாக இருந்தது. 1950களில், அக்குழந்தை சில ஆண்டுகளேனும் வாழுமா என்பது வினாவாயிற்று. 1970களின் இறுதியிலிருந்து, உயிர் தப்பிய குழந்தை எவ்வாறு கற்கும், எவ்வாறு சிந்திக்கும், வளர்ந்தபின் தன் வாழ்வைத் தானே நடத்துமா என்னும் வினா முன்னணிக்கு வந்தது. இம்மூன்றாவது வினா ஏன் அத்துணை காலந்தாழ்த்தி எழுந்தது என்பதையும், அதற்குக் கிடைத்த விடைகள் யாவை என்பதையும் நோக்குவது பயனுடையதாகும்.

குஷிங்கின் காலம்

குழந்தைப் பருவத்து மூளைக்கட்டிகளிற் கணிசமான பகுதி தலையின் பின்புறத்தே, பாடநூல்களில் மூளி எனக் குறிப்பிடப்படும் சிறுமூளையிலும் அதனை அடுத்த இடங்களிலும் தோன்றுவன. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிற் பணிபுரிந்த ஹார்வி குஷிங் (1869-1939) இக்கட்டிகளை முறையாக அகற்ற முனைந்த முன்னோடிகளுள் தலையாயவர். குருதிப் பெருக்கைத் தடுப்பதற்கு வெள்ளிக் கவ்விகளை 1911இலும், மின்னோட்டத்தாற் குருதிக் கலன்களை அடைக்கும் கருவியை 1926இலும் அவர் கையாளத் தொடங்கினார். அவரும் பேர்சிவல் பெய்லியும் 1925இல், சிறுமூளையின் நடுப்பகுதியிற் குழந்தைகளுக்கு உண்டாகும் ஒருவகைக் கொடிய கட்டியை விவரித்து, அதற்கு மெடுல்லோபிளாஸ்ரோமா என்று பெயரிட்டனர்.

இக்கட்டி பற்றி 1930இல் குஷிங் வெளியிட்ட மீளாய்வு துயரந் தருவது. அவருடைய 61 நோயாளருள் மூன்றாண்டுகள் கடந்தும் உயிரோடிருந்தவர் ஒருவரே. இதற்கு மறுதலையாக, 1931இல் அவர் வெளியிட்ட மற்றோர் அறிக்கை சிறுமூளையில் மெல்ல வளரும் அஸ்ரோசைற்றோமா என்னும் கட்டியைப் பற்றியது. 76 நோயாளரை ஆராய்ந்த அவ்வறிக்கை, இவ்வகைக் கட்டியை முற்றாக அகற்றிவிடின் நோயாளி நெடுங்காலம் நலமாக வாழ இயலும் என்பதை உணர்த்தியது.

இவ்விரு கட்டிகளும் தோன்றுமிடத்தால் ஒன்றுக்கொன்று அயலானவை. இயல்பால் முற்றிலும் வேறானவை. ஒன்றுக்குக் கத்தி மட்டுமே போதும். மற்றதற்குக் கத்தியோடு கதிரும் பின்னர் மருந்தும் வேண்டியிருந்தன. ஒரே இடத்திற் கத்தி பட்ட இருவகைக் குழந்தைகள் இவ்வாறு உருவாயினர். கத்தியின் விளைவு எது, கதிரின் விளைவு எது என்று பிற்காலத்து ஆய்வாளர் பிரித்தறிய முயன்றபோது இவ்வேறுபாடே அவர்களுக்குக் கைகொடுத்தது.

கண்ணை மறைத்த இரு கருத்துகள்

குஷிங்கின் காலத்தவர்கள் உயிர் தப்பிய குழந்தைகளின் நடையைக் கவனித்தார்கள். கைகளின் நடுக்கத்தைக் கவனித்தார்கள். கண்ணசைவையும் பேச்சின் தெளிவையும் கவனித்தார்கள். குழந்தைகளின் சிந்தனையை அளந்து பார்ப்பதற்கு அவர்களுக்குக் காரணமெதுவும் தோன்றவில்லை. இதற்கு இருவேறு கருத்துகள் ஏதுவாயின.

முதலாவது, சிறுமூளை அசைவுகளை ஒழுங்குபடுத்தும் உறுப்பு மாத்திரமே என்னும் கருத்து. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஃபுளூரான்ஸ் 1824இல், விலங்குகளின் சிறுமூளையை அகற்றிச் செய்த பரிசோதனைகளைக் கொண்டு இக்கருத்துக்கு அடிகோலினார். இத்தாலியரான லூசியானி 1891இல் வெளியிட்ட நூல் அதனை விரிவுபடுத்தியது. முதலாம் உலகப் போரிற் குண்டடிபட்ட படைவீரர்களைப் பரிசோதித்த கோர்டன் ஹோம்ஸ் 1917இல் வெளியிட்ட ஆய்வு, சிறுமூளை நோயின் குறிகளை அசைவுக் கோளாறுகளாகவே வகுத்துக் காட்டியது. இவர்களுடைய ஆய்வுகள் பிழையானவை அல்ல. இன்றும் அவை மதிக்கப்படுகின்றன. ஆயின் தேடப்பட்டது அசைவுக் கோளாறு ஆகையால் கண்டறியப்பட்டதும் அதுவே ஆயிற்று.

இரண்டாவது, இளம் மூளை எந்தச் சேதத்தையும் எளிதில் ஈடுசெய்துகொள்ளும் என்னும் நம்பிக்கை. யேல் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் கெனார்ட் 1930களிற் குரங்குகளைக் கொண்டு ஆய்வு செய்தார். அசைவுக்குரிய மூளைய மேற்பட்டை குட்டிப் பருவத்தில் அகற்றப்பட்ட குரங்குகள், வளர்ந்தபின் அவ்வாறு அகற்றப்பட்டவற்றினும் நன்றாகத் தேறியதை அவர் கண்டார். கெனார்ட் தமது முடிவுகளை அவதானத்துடனேயே கூறியிருந்தார். எனினும், சேதம் எவ்வளவு இளமையில் நேர்கின்றதோ அவ்வளவுக்கு நன்று என்னும் பொதுவிதியாக அது பின்னாளிற் சுருக்கப்பட்டு அவருடைய பெயராலேயே வழங்கலாயிற்று.

இதற்கு மாறான குரலும் அக்காலத்திலேயே எழுந்தது. மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்டின் சத்திரசிகிச்சை நோயாளரை ஆராய்ந்த உளவியலாளர் டொனால்ட் ஹெப், 1942இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், நுண்மதியைப் பொறுத்தவரையில் இளமையில் ஏற்படும் மூளைச் சேதம் முதிர்ந்தபின் ஏற்படுவதினும் பரந்த தீங்கு விளைக்கலாம் என்று எடுத்துரைத்தார். முதிர்ந்தவர் முன்னரே ஈட்டிய அறிவைக் கொண்டு சமாளிக்கலாம். குழந்தையோ அவ்வறிவை இனித்தான் ஈட்டவேண்டும். சேதமுற்றது ஈட்டும் ஆற்றலாயின் இழப்பு எதிர்காலம் முழுவதற்கும் உரியதாகும். ஹெப்பின் இக்கருத்து சத்திரசிகிச்சை நிபுணரின் கவனத்தை உடனடியாக ஈர்க்கவில்லை. அதனைச் சோதித்துப் பார்ப்பதற்கு நெடுங்காலம் உயிர்வாழ்ந்த குழந்தைகள் போதிய தொகையில் இருக்கவில்லை என்பதும் இதற்குக் காரணமாகலாம்.

தப்பியோரின் தலைமுறை

அந்நிலையை மாற்றியது கதிர்ச்சிகிச்சையாகும். மெடுல்லோபிளாஸ்ரோமாவின் கலங்கள் மூளைய முண்ணாண் பாய்பொருளின் வழியே மூளையெங்கும் முண்ணாணெங்கும் பரவக்கூடியவை. எனவே கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கதிர் பாய்ச்சுதல் போதாது. மூளை முழுவதற்கும் முண்ணாண் முழுவதற்கும் கதிர் பாய்ச்சும் முறையினால் பெறப்பட்ட நற்பெறுபேறுகளை இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரில் எடித் பற்றர்சனும் ஃபார் என்பவரும் 1953இல் அறிவித்தனர். சில ஆண்டுகளுக்குள் மரணம் உறுதி என்றிருந்த நோயில் நெடுங்காலம் வாழ்வோர் தோன்றலாயினர். 1969இல் லண்டனில் புளூமும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட பெரிய ஆய்வு இந்நம்பிக்கையை வலுப்படுத்தியது.

வேறு முன்னேற்றங்களும் உடன் சேர்ந்தன. சிறுமூளைக் கட்டி பாய்பொருளின் வழியை அடைப்பதனால் மூளையின் அறைகளில் நீர் தேங்கி அழுத்தம் மிகும். 1950களில் உருவாக்கப்பட்ட வால்வுக் குழாய்கள் அந்நீரை உடலின் பிறிதோர் இடத்துக்கு வடித்துவிட உதவின. 1960களின் பிற்பகுதியிலிருந்து சத்திரசிகிச்சை நுணுக்குக்காட்டி மூளைச் சத்திரசிகிச்சையிற் பரவலாயிற்று. 1971இல் லண்டனின் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதல் நோயாளிக்குச் செய்யப்பட்ட சி.ரி. ஸ்கான் பரிசோதனை, மண்டையோட்டைத் திறவாமலே கட்டியைக் காணும் வழியைத் தந்தது. அதனை உருவாக்கிய ஹௌன்ஸ்ஃபீல்ட், கோர்மக் என்பாருடன் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவற்றின் பயனாக, மூளைக்கட்டியிலிருந்து தப்பிய குழந்தைகள் பாடசாலைக்குத் திரும்பினர். அவர்களை அளக்கும் கருவியும் ஆயத்தமாக இருந்தது. பாடசாலையிற் பின்தங்கும் பிள்ளைகளை இனங்காண்பதற்கென 1905இல் பினேயும் சிமோனும் பாரிஸ் நகரில் அமைத்த சோதனையின் வழிவந்தனவும், 1949இல் வெக்ஸ்லர் குழந்தைகளுக்கென வெளியிட்ட சோதனையும் நுண்மதி ஈவை எண்ணாகத் தந்தன. பாடசாலையின் தேவைக்காகப் பிறந்த அளவுகோல் வைத்தியசாலைக்குள் நுழைந்தபோதுதான் மூன்றாவது வினா வடிவம் பெற்றது.

கதிரின் விலை

1979இல் பாரிஸைச் சேர்ந்த ஹிர்ஷும் சகாக்களும், கதிர்ச்சிகிச்சை பெற்ற மெடுல்லோபிளாஸ்ரோமாக் குழந்தைகளைச் சத்திரசிகிச்சை மட்டும் பெற்ற அஸ்ரோசைற்றோமாக் குழந்தைகளுடன் ஒப்பிட்டனர். முன்னவரின் நுண்மதி ஈவு பின்னவரினதிலும் தெளிவாகத் தாழ்ந்திருந்தது. 1980களில் அமெரிக்காவிற் செய்யப்பட்ட ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்தின. சிகிச்சை பெற்றபோது குழந்தையின் வயது எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குப் பாதிப்பு மிகுதி என்பதும் புலனாயிற்று. இளம் மூளை எளிதில் தேறும் என்ற நம்பிக்கை இங்கே தகர்ந்தது. குழந்தைப் பருவத்தில் மூளையின் வெண்சடப்பொருள் வளர்ந்துகொண்டிருக்கின்றது; நரம்புநார்களைச் சூழ மயலின் உறை உருவாகிக்கொண்டிருக்கின்றது. கதிர் இவ்வளர்ச்சியையே தாக்குகின்றது. வெண்சடப்பொருளின் அளவு குன்றிய குழந்தைகளில் நுண்மதி ஈவும் குன்றியிருப்பதை மெம்பிஸ் நகரில் றேமன்ட் மல்ஹேர்னும் சகாக்களும் 1990களின் இறுதியிற் காட்டினர்.

கதிரின் அளவைக் குறைத்தலே இதற்கு இயல்பான பரிகாரமாகத் தோன்றியது. ஆயின் அங்கேதான் இவ்வரலாற்றின் கடினமான முடிச்சு இருக்கின்றது. வழக்கமான 36 கிரே அளவை 23.4 கிரேயாகக் குறைத்து, மருந்து எதுவும் சேர்க்காது அமெரிக்காவில் நடத்தப்பட்ட பரிசோதனையில், குறைந்த அளவு பெற்ற குழந்தைகளிடையே நோய் மீண்டெழுவது மிகுந்தமையால் அது இடைநிறுத்தப்பட்டது. சிந்தனையைக் காக்க முனைந்தபோது உயிர் ஆபத்துக்குள்ளாயிற்று. பின்னர் 23.4 கிரேயுடன் மருந்துகளும் சேர்த்துச் சிகிச்சை பெற்ற 65 குழந்தைகளைப் பற்றிப் பாக்கரும் சகாக்களும் 1999இல் அறிக்கை வெளியிட்டனர். அவர்களுள் 79 வீதத்தினர் ஐந்தாண்டின் பின்னும் நோய் மீளாதிருந்தனர். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலில் மருந்து கொடுத்துக் கதிரைப் பிற்போடும் முறையின் பெறுபேறுகள் 1993இல் வெளியாயின. எனினும் 23.4 கிரே பெற்ற குழந்தைகளிலும் நுண்மதி ஈவின் சரிவு முற்றாக நிற்கவில்லை என 2001இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

கத்தியின் விலை

பழியனைத்தும் கதிரின்மேற் சுமத்தப்பட்ட அக்காலத்தில் சத்திரசிகிச்சை ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகவே இருந்தது. அந்நிலையை அசைத்தது ஒரு விந்தையான நோய்க்குறியாகும். சிறுமூளையின் நடுப்பகுதியிலிருந்து கட்டி அகற்றப்பட்ட சில குழந்தைகள், சத்திரசிகிச்சை முடிந்து விழித்தபின் முதலிற் பேசிவிட்டு, ஓரிரு நாட்களில் பேச்சை முற்றாக இழந்தனர். சிலர் வாரக்கணக்கிலும் சிலர் மாதக்கணக்கிலும் மௌனமாயிருந்தனர். அமைதியின்மையும் காரணமற்ற அழுகையும் உடன் காணப்பட்டன. 1985இல் றெக்கேற்றும் சகாக்களும் இதனைச் சிறுமூளையிலிருந்து எழும் மௌனம் என்று விவரித்தனர். அதுவரை அரிதெனக் கருதப்பட்ட இந்நிலை, 2006இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், மெடுல்லோபிளாஸ்ரோமாவுக்குச் சத்திரசிகிச்சை பெற்ற குழந்தைகளுள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவரிடம் காணப்பட்டது. பேச்சு திரும்பிய பின்னரும் இக்குழந்தைகளுட் பலரிடம் மொழியிலும் கவனத்திலும் குறைபாடுகள் எஞ்சின.

அசைவுக்கு மாத்திரம் உரியதெனப்பட்ட உறுப்பைத் தொட்டதும் ஒரு குழந்தை ஏன் மௌனமாகவேண்டும்? 1986இல் லைனர் தம்பதியரும் றொபேட் டோவும் இணைந்து, சிறுமூளைக்கு உளத்திறன்களிலும் பங்குண்டோ என்னும் வினாவை எழுப்பினர். சிறுமூளையிலிருந்து புறப்படும் நரம்புவழிகள் தலமசு என்னும் பகுதியினூடாக மூளையத்தின் முன்மேற்பட்டையையும் அடைகின்றன என்பதை மிடில்ரனும் ஸ்ரிறிக்கும் 1994இல் காட்டினர். 1998இல் பொஸ்ரன் நகரில் ஷ்மாமானும் ஷேர்மனும், சிறுமூளை பாதிக்கப்பட்டோரிடம் திட்டமிடல், இடவுணர்வு, மொழி, உணர்ச்சிக் கட்டுப்பாடு ஆகியவற்றில் ஒருங்கே காணப்படும் குறைபாடுகளை ஒரு தனி நோய்த்தொகுதியாக வகுத்தனர்.

குழந்தைகள் பற்றிய தீர்க்கமான சான்றுகள் 2000ஆம் ஆண்டிற் கிடைத்தன. மிலான் நகரில் றீவாவும் ஜோர்ஜியும் 26 குழந்தைகளைச் சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் கதிர்ச்சிகிச்சைக்கு முன்னரும் பரிசோதித்தனர். சிறுமூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டோரிடம் மொழியிலும் செவிவழி நினைவிலும், இடப்பக்கம் பாதிக்கப்பட்டோரிடம் இடம்பற்றியதும் கண்வழிப்பட்டதுமான நினைவிலும் குறைகள் காணப்பட்டன. நடுப்பகுதி பாதிக்கப்பட்டோரிடம் மௌனமும் நடத்தைக் கோளாறுகளும் தோன்றின. அதே ஆண்டில் லெவிசனும் சகாக்களும், கதிரோ மருந்தோ பெறாத 19 குழந்தைகளிடமும் மொழி, நினைவு, இடவுணர்வு, உணர்ச்சி ஆகியவற்றிற் குறைபாடுகளைக் கண்டனர். கதிர் படாத இடத்திலும் பாதிப்பு இருந்தமையால் கத்திக்கும் கட்டிக்கும் பங்குண்டு என்பதை மறுக்க இயலாதாயிற்று. பேச்சை இழக்கும் இந்நிலைக்குப் பொதுவான பெயரும் வரையறையும் வகுத்த சர்வதேச இணக்கம் 2016இல் வெளியிடப்பட்டது.

இங்கு நடுநிலை தவறுதல் ஆகாது. மெல்ல வளரும் கட்டிகளுக்குச் சத்திரசிகிச்சை மட்டும் பெற்ற 24 பேரைப் பல ஆண்டுகளின் பின் ஆராய்ந்து சுவிற்சர்லாந்தின் ஸ்ரைன்லினும் சகாக்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் சராசரி நுண்மதி ஈவு இயல்பான எல்லைக்குள்ளேயே இருந்தது. ஆயினும் அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோரிடம் கவனம், நினைவு, செயல்வேகம் போன்ற தனித்திறன்களிற் குறைகள் இருந்தன. மேலும், கத்தி படுமுன்னரே கட்டியும் தேங்கிய நீரும் மூளையை அழுத்தியிருக்கும். எனவே பின்னர் காணப்படும் குறையெல்லாம் சத்திரசிகிச்சை நிபுணரின் கையால் நேர்ந்தது என்று கூறுதல் பொருந்தாது.

இழப்பா, தாமதமா?

நுண்மதி ஈவு ஆண்டுக்காண்டு சரிகின்றது என்ற செய்தி, கற்றவற்றைக் குழந்தை படிப்படியாக மறந்து வருகின்றது என்னும் எண்ணத்தைப் பெற்றோரிடத்தும் ஆசிரியரிடத்தும் ஏற்படுத்தியது. 2001இல் பாமரும் சகாக்களும் மெம்பிஸிலிருந்து வெளியிட்ட ஆய்வு இதனைத் திருத்தியது. மெடுல்லோபிளாஸ்ரோமாவிலிருந்து தப்பிய 44 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்த அவர்கள், ஈவு ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரைப் புள்ளி வீதம் குறைந்ததைக் கண்டனர். ஆயின் ஈவு என்பது ஒத்த வயதினருடன் ஒப்பிட்டுப் பெறப்படும் எண்ணாகும். குழந்தைகள் பெற்ற அசல் புள்ளிகளை நோக்கியபோது அவை குறையவில்லை, கூடிக்கொண்டே வந்தன. கூடிய வேகமே ஒத்த வயதினரின் வேகத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. கற்றது அழியவில்லை, கற்கும் வேகமே குன்றியது. ஹெப் 1942இல் எடுத்துரைத்த கருத்துக்கு, வேறொரு நோயினூடாக, அறுபதாண்டுகளின் பின் எண்வடிவிற் சான்று கிடைத்தது எனலாம்.

இவ்வேறுபாடு சொல்லளவிலானதன்று. அறிவு அழிகின்றது எனின் செய்யத்தக்கது அதிகமில்லை. கற்றல் மெதுவாகின்றது எனின் கூடுதல் நேரமும், சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்ட பாடமும், மீள்பயிற்சியும் பயன் தரும். பரீட்சையில் மேலதிக நேரம் வழங்குதல் சலுகையாகாது. செயல்வேகம் குன்றிய பிள்ளை தான் அறிந்ததைக் காட்டுவதற்கான வாய்ப்பாகும். அத்துடன் சிகிச்சை முடிந்த ஆண்டிலேயே ஒருமுறை சோதித்து, பிள்ளை நலமாயிருக்கின்றது என்று கோவையை மூடிவிடுவதும் தவறாகும். ஆறு வயதில் தோன்றாத குறை, பாடங்கள் சிக்கலாகும் பன்னிரண்டு வயதில் வெளிப்படலாம். அப்போது, கட்டி அகற்றப்பட்ட செய்தியையே அறியாத ஆசிரியர், பிள்ளை சோம்பேறி அல்லது கவனமற்றது என்று தீர்ப்பளிக்க நேரலாம். உயிர்காத்த வைத்தியசாலைக்கும் கற்பிக்கும் பாடசாலைக்கும் இடையே தொடர்பு அறுந்துவிடின், தன் குற்றமல்லாத ஒன்றுக்காகப் பிள்ளை தண்டிக்கப்படுகின்றது.

முடிவாக

கதிரை இன்னுங் குறைக்கும் முயற்சி தொடர்ந்தது. மூன்று முதல் ஏழு வயது வரையான குழந்தைகளுக்கு 18 கிரே போதுமா என்று வட அமெரிக்காவில் ஆராயப்பட்டது. 2021இல் வெளியான பெறுபேறு, அவ்வளவைப் பெற்றோரிடையே நோய் மீளாதிருக்கும் வாய்ப்புக் குறைவு என்று காட்டியது. 2012இல் வெளியான இணக்க அறிக்கை, மெடுல்லோபிளாஸ்ரோமா ஒரே நோயன்று, மூலக்கூற்று அடிப்படையில் நான்கு பெருங்குழுக்களாக வகுக்கத்தக்கது என்பதை நிலைநாட்டியிருந்தது. எக்குழந்தைக்குச் சிகிச்சையைக் குறைத்தல் பாதுகாப்பானது என்பதை இவ்வகுப்பின் வழியே கண்டறியும் முயற்சிகள் நடைபெறுகின்றன.

ஒரு நூற்றாண்டு கால வரலாற்றைத் திரும்பி நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. குஷிங்கும் அவர் வழிவந்தோரும் குழந்தைகளின் சிந்தனையைப் பற்றி அக்கறையற்றிருந்தனர் என்று கூறுதல் நியாயமன்று. உயிர் தப்பாத குழந்தையின் நுண்மதியை எவரும் அளக்க இயலாது. மூன்றாவது வினா எழுவதற்கு முதலிரு வினாக்களுக்கும் ஓரளவேனும் விடை கிடைத்திருக்கவேண்டும். ஆயினும் அவ்வினா எழக்கூடிய காலம் வந்த பின்னரும் அதனைத் தாமதப்படுத்தியவை சிறுமூளை பற்றியும் இளம் மூளை பற்றியும் நிலவிய உறுதியான நம்பிக்கைகளே. அவற்றைத் திருத்தியவர்கள் ஆய்வுகூடத்து அறிஞர்கள் மட்டுமல்லர். பேசாது படுத்திருந்த குழந்தைகளும், வகுப்பிற் பின்தங்கிய பிள்ளைகளும், சோதனைத் தாள்களில் தாம் பெற்ற புள்ளிகளால் அதனைச் செய்தனர். அவர்களுக்கு மருத்துவம் பட்ட கடனின் ஒரு பகுதி, உயிர் தப்பிய ஒவ்வொரு பிள்ளையின் கல்வியையும் அதன் வளர்ச்சி முடியும்வரை பின்தொடர்வதனாலேயே தீர்க்கப்படக்கூடியது. எஞ்சிய பகுதியைத் தீர்க்கும் பொறுப்பு கல்வியுலகைச் சார்ந்ததாகும்.